சந்தியாகோ பாதை – 4: பாலம் போட்ட புனிதர்கள்

12ஆம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து கிளம்பி ஸ்பெயினின் மேற்குக் கோடியிலுள்ள சந்தியாகோவரை நடந்த யாத்திரிகரை ஆறுகள்தாம் அதிகம் பயமுறுத்தின. மலையில் மூச்சு வாங்கினால் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டு ஏறலாம். ஆற்றில் அதற்கு வழியில்லை. பாலம் இருந்தால் சுங்கக்காரன் நிற்பான், பாலம் இல்லாவிட்டால் தோணிக்காரன் நிற்பான். இருவருமே இல்லாத இடத்தில் கோலை ஊன்றிக்கொண்டு இறங்க வேண்டியதுதான்.

இந்தக் கவலைகளை எல்லாம் எழுதிவைத்துவிட்டுப் போன ஒருவர் இருக்கிறார். 'கலிக்ஸ்தீனுஸ் சுவடி' எனப்படும் லத்தீன் தொகுப்பு 1140களை ஒட்டி உருவானது. சந்தியாகோ பேராலயத்தில் இன்றும் இருக்கிறது. (2011இல் அது திருட்டுப்போனதும், அடுத்த ஆண்டு ஒரு கார் ஷெட்டிலிருந்து மீட்கப்பட்டதும் தனிக் கதை.) அதன் ஐந்து பாகங்களில் கடைசிப் பாகம் வழிநடைக் கையேடு. பிரான்சின் புவாத்து பகுதியைச் சேர்ந்த எமெரிக் பிக்கோ என்ற பாதிரியார் எழுதியது என்பது பொதுவான கருத்து. எங்கே ரொட்டி நன்றாக இருக்கும், எங்கே ஒயின் நன்றாக இருக்கும் என்று சொல்வார். பிடிக்காத ஊர்க்காரர்களை வாய்க்கு வந்தபடி ஏசுவார். எல்லைக்கு முன்பே, பிரான்ஸ் பக்கத்தில், சோர்த் என்ற ஊரருகே தோணி ஓட்டுபவர்கள்மீது அவருக்கு வந்த ஆத்திரம் படிக்கும்போது இன்றைக்கும் சுடுகிறது. ஒரே மரத்தைக் குடைந்த தோணி, குதிரையை ஏற்ற முடியாது. ஏழையானாலும் பணக்காரரானாலும் ஆளுக்கு ஒரு காசு, குதிரைக்கு நான்கு காசு. காசை வாங்கிக்கொண்டு தோணி தாங்காத அளவுக்கு ஆட்களை அடைப்பார்கள், நடு ஆற்றில் கவிழும், செத்தவர்களின் மூட்டையைத் தோணிக்காரர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள் என்கிறார். இவர்களிடம் பங்கு வாங்கும் பிரபுக்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவர்களைத் திருச்சபையிலிருந்து விலக்கிவைக்க வேண்டும் என்றும் கேட்கிறார்.

நவார்ராவுக்குள் வந்ததும் இன்னொரு ஆறு. லோர்கா ஊருக்குப் பக்கத்தில் ஓடும் உப்பாறு, பெயர் சலாதோ. கரையில் நவார்ராக்காரர் இருவர் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்களாம். குதிரைக்குத் தண்ணீர் காட்டலாமா என்று கேட்டதற்கு, தாராளமாகக் காட்டுங்கள் என்றார்களாம். குடித்த குதிரைகளில் இரண்டு அங்கேயே விழுந்தன. கத்தி எதற்கு என்பது அப்போதுதான் புரிந்தது. தோலை உரிக்கத்தான் காத்திருந்திருக்கிறார்கள். பிக்கோவுக்கு நவார்ராக்காரர்களைக் கண்டாலே ஆகாது என்பதால் இதில் பாதியைத் தள்ளிவிட்டுப் படிப்பது நல்லது. ஆனால் அந்த ஆற்றின்மேல் பிற்பாடு கூர்வளைவு இரண்டு வைத்துக் கட்டிய கல்பாலம் இன்னும் நிற்கிறது.

சென்ற மூன்று இதழ்களில் நாம் பார்த்தது சந்தியாகோவில் கல்லறை கிடைத்த கதை. 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆயர் தெயோதொமீரோ, திருத்தூதர் யாக்கோபின் கல்லறை இதுதான் என்று அறிவித்ததையும், நம் கடற்கரை ஊர்களில் சந்தியாகப்பர் என்று கும்பிடப்படும் அதே புனிதருக்கு அஸ்தூரியஸ் அரசன் இரண்டாம் அல்ஃபோன்சோ முதல் கோயில் எழுப்பியதையும் பார்த்தோம். 997இல் முஸ்லிம் தளபதி அல்மன்சோர் அந்த நகரத்தைச் சூறையாடி, ஆலய மணிகளைக் கைதிகளின் தோளில் ஏற்றிக் கொர்தோபாவுக்குக் கொண்டுபோனதோடு சென்ற இதழ் முடிந்தது. கல்லறை கிடைத்துவிட்டால் பக்தர்கள் தாமாக வந்துவிடுவார்கள் என்றுதான் பெரும்பாலான நூல்கள் எழுதுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. 800 கிலோமீட்டர் தூரத்துக்குப் பாலமும் சத்திரமும் இல்லாமல் கூட்டம் வராது. 11ஆம் நூற்றாண்டில்தான் அவை வந்தன. யார் போட்டார்கள், யார் பணத்தில் போட்டார்கள் என்பதைப் பாதையோரத்துக் கோயில்களே சொல்லும். பிரனீஸ் மலையடிவாரத்திலிருந்து சஹாகூன்வரை இந்த இதழில் நடப்போம்.

முதலில் பூவென்தே லா ரெய்னா. பிரனீஸைத் தாண்டி வரும் இரண்டு வழிகள் சேர்ந்து ஒன்றாகும் இடம். அர்கா ஆற்றின்மேல் 11ஆம் நூற்றாண்டில் ஓர் அரசி கட்டுவித்த பாலம் அங்கே இருக்கிறது. எந்த அரசி என்பதில் வழக்கு தீரவில்லை. மூன்றாம் சாஞ்சோவின் மனைவி முனியாதோனா என்பர் சிலர், அவருடைய மருமகள் எஸ்தெஃபானியா என்பர் சிலர். ஊரின் ஒற்றைத் தெரு நேராக வந்து பாலத்தில்தான் முடிகிறது. இன்னும் சரியாகச் சொன்னால், பாலத்துக்காகத்தான் அந்தத் தெரு, தெருவுக்காகத்தான் அந்த ஊர். பாலத்தின் பெரிய வளைவுகளுக்கு இடையே, தூண்களின் உடம்பில், சின்னச் சின்ன வளைவுகள் திறந்திருக்கும். அழகுக்கு வைத்ததென்று நினைத்துவிடலாம். வெள்ளம் மேலேறும்போது தண்ணீர் தூணை மோதித் தள்ளாமல் அந்தத் துளை வழியே போய்விடும். ஆயிரம் ஆண்டு வெள்ளத்தைப் பார்த்த பாலம் நிற்பதற்கு அந்த ஓட்டைகளும் ஒரு காரணம்.

பக்கத்தில் வயல் நடுவே தனியாக நிற்கும் எயுனாத்தே கோயிலை வேகமாகப் பார்த்துவிடலாம். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, எட்டுப் பட்டை வடிவம். சுற்றிலும் கூரையில்லாத வளைவு வரிசை ஒன்று. டெம்ப்ளர் வீரர்கள் கட்டியது, ரகசிய அர்த்தம் உள்ளது என்றெல்லாம் சுற்றுலாப் புத்தகங்கள் எழுதும். அதற்கு ஆவணம் ஒன்றும் இல்லை. அங்கே தோண்டியபோது கிளிஞ்சலோடு புதைக்கப்பட்ட உடல்கள் கிடைத்தன. கிளிஞ்சல் சந்தியாகோ யாத்திரிகரின் அடையாளம். வழியில் இறந்தவர்களை அடக்கம் செய்த இடம் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

எஸ்தெல்யாவுக்கு வந்தால் அரசியல் பச்சையாகத் தெரியும். 1090இல் அரசன் சாஞ்சோ ரமீரஸ் இந்த ஊரைப் புதிதாக உண்டாக்கினான். அதற்கு முன் பாதை வேறு பக்கமாகப் போயிற்று. அங்கே சான் ஹுவான் தெ லா பெஞ்ஞா மடத்துக்காரர்கள் தாங்களே ஒரு குடியிருப்பு அமைக்கத் திட்டம் வைத்திருந்தார்கள். அரசன் பாதையைத் தன் ஊர் வழியாகத் திருப்பிக்கொண்டு, வருமானத்தில் ஒரு பங்கை மடத்துக்கு எழுதிக்கொடுத்து வாயை அடைத்தான். ஊரில் குடியேற அழைத்தது பிராங்குகளை, அதாவது பிரனீஸுக்கு அப்பாலிருந்து வந்த வணிகர்களையும் கைவினைஞர்களையும். நிலப்பிரபுவுக்கு அடிமை ஊழியம் கிடையாது, வீடு வாங்கலாம், விற்கலாம். 1164இல் உறுதிசெய்த சாசனத்தில், பிராங்குகளின் சம்மதம் இல்லாமல் உள்ளூர் நவார்ராக்காரர் அங்கே குடியேறக் கூடாது என்றே எழுதினார்கள். சொந்த மண்ணில் வெளியூர்க்காரனுக்கு இவ்வளவு சலுகையா என்று நவார்ராக்காரர் கத்தி தீட்டியிருந்தால் அதிசயமில்லை!

அந்த ஊரில் அரசர் மாளிகை ஒன்று நிற்கிறது. ரோமனெஸ்க் பாணியில் கோயிலல்லாத கட்டடம் கிடைப்பது அரிது, இது அவற்றில் ஒன்று. அதன் மூலைத்தூணின் தலைப்பில், தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி, ரோலான் என்ற வீரனும் ஃபெர்ராகுத் என்ற அரக்கனும் குதிரைமேல் மோதுகிறார்கள். அரக்கனுக்கு உடம்பில் எங்கே குத்தினாலும் ஏறாது, தொப்புளில் மட்டும் ஏறும். கதை அதே கலிக்ஸ்தீனுஸ் சுவடியின் நான்காம் பாகத்தில் வருகிறது. செதுக்கியவர் லொக்ரோன்யோவைச் சேர்ந்த மார்தீனுஸ் என்று கல்லிலேயே பெயர் வெட்டிவிட்டார். வழிநடைக்காரர்கள் இரவில் சத்திரத்தில் கேட்ட கதையைக் காலையில் தெருமுனைத் தூணில் பார்த்திருப்பார்கள்.

அடுத்தது நாஹெரா. சாந்தா மரியா லா ரெயால் மடத்தை 1052இல் கட்டியவர் நவார்ரா அரசர் கார்சியா. வேட்டைக்குப் போனபோது குகைக்குள் மாதாவின் சுரூபத்தைக் கண்டார், அந்தக் குகையைச் சேர்த்தே கோயில் எழுப்பினார் என்பது தலபுராணம். இரண்டே ஆண்டில் அவர் சொந்தத் தம்பியோடு போரிட்டு மாண்டார். 1076இல் நாஹெரா காஸ்தீல் அரசன் ஆறாம் அல்ஃபோன்சோ கைக்கு வந்தது. 1079இல் அவன் இந்த மடத்தைத் தூக்கி பர்கண்டியில் இருந்த கிளூனி மடத்துக்குக் கொடுத்துவிட்டான். கோபித்துக்கொண்ட ஆயர் தன் பீடத்தை கலஹோர்ராவுக்கு மாற்றிக்கொண்டு போனார்.

இந்த அல்ஃபோன்சோவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பாதையை உண்டாக்கியவர்களில் இவன் தலையாயவன். 1072இல் வல்கார்சே பள்ளத்தாக்கின் வாயிலில் யாத்திரிகர்களிடம் வாங்கிவந்த சுங்கத்தை ரத்து செய்தான். லொக்ரோன்யோவிலிருந்து சந்தியாகோவரை உள்ள பாலங்கள் எல்லாவற்றையும் இவனே கட்டுவித்தான் என்று ஓவியேதோ ஆயர் பெலாயோ தன் சரித்திரத்தில் எழுதினார். ஆயர்கள் அரசரைப் புகழும்போது எல்லாவற்றையும் என்றுதான் எழுதுவார்கள். பாதிப் பாலம் கட்டியிருந்தாலும் பெரிய காரியம். கிளூனிக்கு இவன் தந்தை ஆண்டுக்கு 1,000 பொற்காசு கொடுத்துவந்தார். இவன் 1077இல் அதை 2,000 ஆக்கினான். அந்தப் பொன் எங்கிருந்து வந்தது? தெற்கே சிதறிக்கிடந்த முஸ்லிம் சிற்றரசுகள் கட்டிய கப்பத்திலிருந்து. 1088இல் கிளூனியில் தொடங்கிய மாபெரும் ஆலயம் பல நூற்றாண்டுகள் கிறிஸ்தவ உலகிலேயே பெரியதாக நின்றது. அந்தக் கட்டுமானத்துக்கு செவில்லிலும் தொலேதோவிலும் தொழுகை நடத்தியவர்களின் வரிப்பணம் கொஞ்சமா போயிருக்கும்! பதிலுக்குக் கிளூனி ஆள் அனுப்பிற்று. மடாதிபதிகளும் ஆயர்களும் வந்தார்கள், அவர்கள் பின்னால் யாத்திரிகர்களும் வந்தார்கள்.

நாஹெராவில் ஒன்றைப் பார்க்காமல் நகரக் கூடாது. 1156இல் இளம் வயதில் இறந்த பிளாங்கா என்ற நவார்ரா இளவரசியின் கல்பேழை மூடி. கட்டிலில் அவள் கிடக்கிறாள், சின்னக் குழந்தை வடிவில் உயிரை தேவதூதர்கள் எடுத்துப் போகிறார்கள். பக்கத்தில் அவள் கணவன், பிற்பாடு காஸ்தீலுக்கு அரசனானவன், மயங்கிச் சரிகிறான். இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்கிறார்கள். கிரீடம் சூடிய ஆட்களைக் கம்பீரமாக மட்டுமே செதுக்கிய காலத்தில், கால் தளர்ந்த ஒரு புருஷனைக் கல்லில் காட்டிய சிற்பியின் பெயர் மட்டும் கிடைக்கவில்லை.

நாஹெராவுக்கு மேற்கே ஓஹா ஆறு. பாறையும் காடும் சதுப்பும் சேர்ந்த இடம். இங்கேதான் தொமிங்கோ வருகிறார்.

1019 வாக்கில் பக்கத்து விலோரியா கிராமத்தில் பிறந்தவர். துறவியாக ஆசைப்பட்டு வல்வனேரா மடத்துக் கதவைத் தட்டினார், சேர்க்கவில்லை. சான் மில்யான் மடத்திலும் போய்க் கேட்டார், அங்கேயும் சேர்க்கவில்லை. காட்டுக்குள் குடிசை போட்டுத் தனியாகத் தவம் இருக்கத் தொடங்கியவர், குடிசைக்கு வெளியே யாத்திரிகர்கள் சேற்றில் சிக்குவதையும் வழி தவறுவதையும் பார்த்தார். ஜெபமாலையைக் கீழே வைத்துவிட்டு அரிவாளை எடுத்தார். காட்டை வெட்டி, சதுப்பில் கல் பரப்பி, நாஹெராவிலிருந்து ரெதெசில்யாவரை வழியை நேராக்கினார். ஓஹா ஆற்றின்மேல் பாலம் போட்டார். பாலத்துக்குப் பக்கத்தில் சத்திரமும் அதையொட்டிக் கோயிலும் கட்டினார். அவர் அரிவாளை வீசிய வேகத்தில் காடே சாய்ந்தது என்று அற்புதக் கதைகள் சொல்கின்றன. நாஹெராவைப் பிடித்த அல்ஃபோன்சோ இந்த மனிதரைக் கண்டுகொண்டு நிலமும் ஆதரவும் கொடுத்தான். இரண்டு மடங்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய ஆள், அரசனுடைய சாலைப் பணிக்குக் கண்காணிப்பாளர் மாதிரி ஆகிவிட்டார். 1109 மே மாதம் 90 வயதில் இறந்தார். சத்திரத்தைச் சுற்றி வளர்ந்த ஊருக்கே சாந்தோ தொமிங்கோ தெ லா கல்சாதா என்று பெயர் வந்துவிட்டது. ஸ்பெயினின் சிவில் இன்ஜினியர்கள் இன்றைக்கும் இவரைத் தங்கள் பாதுகாவலராகக் கொண்டாடுகிறார்கள்.

தன் குழியைப் பாதையிலேயே தோண்டிவைத்தார், பிற்பாடு கோயிலைப் பெரிதாக்கியபோது அது உள்ளே வந்துவிட்டது என்பது ஊர் வழக்கு. 1158இல் தொடங்கிய இன்றைய பேராலயத்துக்குள்ளே கல்லறை இருக்கிறது. கோபுரம் மட்டும் ஒட்டிக்கொள்ளாமல் தெருவுக்கு அந்தப் பக்கம் தனியாக நிற்கிறது. முதல் கோபுரம் 1450இல் இடிவிழுந்து எரிந்தது. இப்போதுள்ளது 18ஆம் நூற்றாண்டில் மார்தின் தெ பெராத்துவா கட்டியது, சுமார் 70 மீட்டர் உயரம்.

ஆனால் இந்தக் கோயிலுக்குள் நுழைகிறவர்கள் முதலில் கேட்பது ஒரு சேவல் கூவும் சத்தம். கல்லறைக்கு எதிரே, சுவரில் உயரத்தில், கல்லில் இழைத்த கோதிக் மாடம் ஒன்று. கம்பிக்குப் பின்னால் உயிருள்ள வெள்ளைச் சேவலும் கோழியும். முறைவைத்து மாற்றுவார்கள். கதை ஐரோப்பா முழுக்கத் தெரிந்தது. ஜெர்மனியிலிருந்து தாய் தகப்பனோடு வந்த இளைஞன்மேல் சத்திரக்காரன் மகள் ஆசைப்படுகிறாள். அவன் மசியவில்லை. வெள்ளிக் கிண்ணத்தை அவன் மூட்டையில் ஒளித்துவைத்துத் திருட்டுப்பட்டம் கட்டித் தூக்கில் தொங்கவிடுகிறாள். சந்தியாகோ போய்த் திரும்பிய பெற்றோர் பார்த்தால் மகன் தூக்கில் உயிரோடு இருக்கிறான், புனிதர் காலைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். நீதிபதியிடம் ஓடுகிறார்கள். அவர் சாப்பாட்டில் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் மகன் உயிரோடு இருந்தால் என் தட்டில் உள்ள இந்த வறுத்த சேவலும் கோழியும்கூட உயிரோடுதான் இருக்கும் என்கிறார். இரண்டும் எழுந்து கூவுகின்றன.

இந்தக் கதையின் பழைய வடிவம் கலிக்ஸ்தீனுஸ் சுவடியில் இருக்கிறது. அங்கே ஊர் துலூஸ். சத்திரக்காரனுக்குப் பேராசை, மகளுக்கு அதில் வேலையில்லை. காப்பாற்றியவர் சந்தியாகப்பர். கோழி, சேவல் பேச்சே கிடையாது. இரண்டு நூற்றாண்டுக்குள் கதை பாதை வழியாகவே நடந்துவந்து இந்த ஊரில் குடியேறிவிட்டது. வரும்போது ஒரு காதலையும் இரண்டு கோழியையும் சேர்த்துக்கொண்டது. 1350இல் அவிஞ்ஞோனில் எழுதப்பட்ட ஒரு பேறுபலன் ஆவணம், கோயிலிலுள்ள சேவலையும் கோழியையும் பார்ப்பவர்களைக் குறிப்பிடுகிறது. ஆக 14ஆம் நூற்றாண்டிலேயே கூண்டு வந்துவிட்டது. கோழியிறகைத் தொப்பியில் செருகிக்கொண்டு போவது யாத்திரிகர்களின் வழக்கமாயிற்று. கல் பரப்பிய மனிதரின் பெயரைக் கோழிக் கதைதான் இன்று ஊர் ஊராகச் சுமக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தால் சிரித்திருப்பார் என்று தோன்றுகிறது.

தொமிங்கோவுக்கு ஒரு சீடர். 1080இல் புர்கோஸ் அருகே பிறந்த ஹுவான். குருவோடு சேர்ந்து பாலம் கட்டியவர். குரு இறந்தபின் ஜெருசலேம் போனார். திரும்பும் வழியில் கப்பல் புயலில் சிக்கியது, பிழைத்தால் புனித நிக்கோலாசுக்குக் கோயில் கட்டுவதாக நேர்ந்துகொண்டார். கட்டத் தேர்ந்தெடுத்த இடத்தைப் பாருங்கள்: ஓகா மலைக்காடு. கையில் கோலும் இடுப்பில் காசுமாக வரும் யாத்திரிகரைக் கொள்ளையர்கள் காத்திருந்து வெட்டும் இடம். இரவும் பகலும் இங்கே கொலையும் கொள்ளையும் நடந்தன என்று 1152இல் எழுதிய தன் உயிலில் அவரே குறிப்பிடுகிறார். அங்கே காஞ்சொறிப் புதருக்கு நடுவே சத்திரமும் கோயிலும் எழும்பின. காட்டுக்குள் விளக்கு எரியும் வீடு ஒன்று இருந்தால் கள்ளன் யோசிப்பான். லொக்ரோன்யோ, நாஹெராப் பாலங்களிலும் இவர் கை பட்டிருக்கிறது. 1163இல் இறந்தார். இவர் ஸ்பெயினின் கட்டடத் தொழில்நுட்பர்களுக்குப் பாதுகாவலர்.

அவர் பெயரால் வழங்கும் சான் ஹுவான் தெ ஓர்தேகா கோயிலில் ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும் இரவும் பகலும் சமமாகும் நாள்களை ஒட்டி, மாலை வெயில் மேற்கு ஜன்னல் வழியே ஒற்றைக் கதிராக உள்ளே வரும். வந்து ஒரு தூணின் தலைப்பில் விழும். அதில் செதுக்கியிருப்பது மரியாளுக்கு வானதூதர் மங்கள வார்த்தை சொல்லும் காட்சி. சில நிமிடங்கள் அந்தப் பெண்ணின் முகம் வெளிச்சத்தில் நிற்கும், பிறகு கதிர் மெல்ல நகர்ந்து கிறிஸ்து பிறப்புக் காட்சிக்குப் போகும். பல நூற்றாண்டு யார் கண்ணிலும் படாமல் இருந்து, 1974இல்தான் இதைக் கவனித்தார்கள். மங்கள வார்த்தைத் திருநாள் மார்ச் 25. தற்செயல் என்று சொல்பவர்களும் உண்டு. கோயிலைக் கிழக்கு மேற்காகச் சரியாக வைத்தாலே சமநாளில் வெயில் இப்படித்தான் வரும் என்பது அவர்கள் வாதம். வெயில் வருவது சரி, எந்தத் தூணில் எந்தக் காட்சியைச் செதுக்குவது என்று முடிவு செய்தது வெயில் அல்லவே! கட்டியவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள் என்பதே என் கட்சி.

புர்கோஸ் பேராலயத்துக்குத் தனி இதழ் ஒதுக்கியிருக்கிறேன். 1221இல் அடிக்கல் நாட்டியது, 15ஆம் நூற்றாண்டில் கொலோனிலிருந்து வந்த ஹுவான் ஊசிக்கோபுரங்களை ஏற்றியது என்பதோடு இப்போதைக்கு நிறுத்திக்கொள்கிறேன். யாத்திரிகர்களுக்கு அங்கே முக்கியம் சத்திரங்கள். 1495இல் வழிநடை நூல் எழுதிய ஜெர்மானியத் துறவி ஹெர்மான் கூனிக் இந்த ஊரில் 32 சத்திரம் இருப்பதாகக் கணக்குச் சொல்கிறார். எட்டாம் அல்ஃபோன்சோ நிறுவிய அரசர் சத்திரம்தான் அவருக்கு மிகவும் பிடித்தது. வயிறு நிறையச் சாப்பாடு போட்டார்களாம்.

புர்கோசுக்கு மேற்கே மெசேத்தா. மரமே இல்லாத கோதுமைப் பீடபூமி. கஸ்த்ரோஹெரிஸ் ஊருக்குச் சற்று முன்னால் பாதை ஓர் இடிந்த கட்டடத்துக்குள்ளேயே புகுந்து வெளியே வருகிறது. சான் அந்தோன் மடம். 1146இல் ஏழாம் அல்ஃபோன்சோ நிறுவியது, இப்போது நிற்கும் கோதிக் வளைவுகள் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சாலைக்குக் குறுக்கே வளைவு போட்டு, கோயில் வாசலைச் சாலையிலேயே வைத்துவிட்டார்கள். வாசலுக்கு எதிர்ச்சுவரில் இரண்டு மாடக்குழிகள். இரவு கதவு சாத்தியபின் வந்துசேரும் யாத்திரிகருக்கு அதில் ரொட்டியும் சாப்பாடும் வைத்திருப்பார்கள்.

இந்தத் துறவிகள் கவனித்த நோய்க்கு அந்தோனியார் நெருப்பு என்று பெயர். கை கால் எரியும், பிறகு மரத்துப்போகும், கருத்து அழுகும், சில சமயம் தானாகவே கழன்று விழும். கம்பளி நெய்பவனும் விவசாயியும் இதற்குப் பயந்தே நேர்ந்துகொண்டு யாத்திரை கிளம்பினார்கள். காரணம் ரொட்டியில் இருந்தது என்பது பின்னாளில்தான் தெரிந்தது. ஈரமான ஆண்டுகளில் ரை தானியக் கதிரில் ஒரு பூஞ்சணம் பிடிக்கும், மாவோடு அரைபட்டு வயிற்றுக்குள் போகும். வட ஐரோப்பிய ஏழைகளின் ரொட்டி ரை ரொட்டி. பிரனீஸ் தாண்டிக் கோதுமை நாட்டில் வாரக்கணக்கில் நடந்தவனுக்கு விஷம் சேர்வது நின்றுபோகும், சுகம் தெரியும். மடத்தில் கொடுத்ததும் ரொட்டி, ஒயின், ஆசீர், நீல நிறத்தில் ஆங்கில 'T' எழுத்தைப் போன்ற தாவ் சிலுவை. இவற்றில் எது குணப்படுத்தியது என்று கேட்டால், மாடக்குழியில் வைத்த அந்தக் கோதுமை ரொட்டியை நான் சொல்வேன். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தச் சபையைக் கலைத்தார்கள், கூரை விழுந்தது.

அடுத்து பிசுவெர்கா ஆறு. 11 வளைவு வைத்த இதேரோப் பாலம், இதையும் ஆறாம் அல்ஃபோன்சோ கணக்கிலேயே எழுதுகிறார்கள். தாண்டினால் ஃப்ரோமிஸ்தா. நாம் பூவென்தே லா ரெய்னாவில் சந்தேகப்பட்ட அதே அரசி முனியாதோனா, மேயோர் என்ற பெயரில், 1066இல் எழுதிய உயிலில் இங்குள்ள சான் மார்தின் கோயிலைக் குறிப்பிடுகிறார். ரோமனெஸ்க் கட்டடக்கலைக்கு இதுதான் இலக்கணம் என்று புத்தகங்கள் புகழும். கூரை விளிம்பைத் தாங்கும் கல்முனைகள் 300க்கு மேல், ஒவ்வொன்றிலும் ஒரு மிருகம், ஒரு முகம், ஒரு குறும்பு. ஆனால் 1896 முதல் 1904 வரை நடந்த திருப்பணியில் பிற்காலத்தில் சேர்ந்த எல்லாவற்றையும் தட்டி எடுத்துவிட்டு, உடைந்த சிற்பங்களுக்குப் பதிலாகப் புதிதாகச் செதுக்கி வைத்தார்கள். இன்று பார்க்கும்போது அளவுக்கு மீறிக் குளித்துத் துடைத்தாற்போல் இருக்கிறது. எனக்குப் பக்கத்து ஊரான கரியோனின் சந்தியாகோ கோயில் முகப்பே மேல். நெப்போலியன் காலப் போரில் உள்ளே எரிந்துபோனது, முகப்பு தப்பியது. நடுவே அரியணையில் கிறிஸ்து. வாசல் வளைவைச் சுற்றி, வழக்கமாகத் திருவெளிப்பாட்டின் மூப்பர்கள் இருக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் தெரியுமா? கொல்லர், குயவர், பெரிய கத்தரிக்கோலோடு தையற்காரர், இசைக்கருவி வாசிப்பவர், உடம்பை வில்லாக வளைத்து ஆடும் ஒருத்தி. பாதையால் பிழைத்த ஜனங்கள் அவர்கள்.

சஹாகூன் வந்துவிட்டோம். ஆறாம் அல்ஃபோன்சோ தன் மனதுக்கு உகந்த இடமாக வைத்திருந்த ஊர். 1080இல் இங்கே கிளூனியின் ஆள் பெர்னார் மடாதிபதியானார், சில ஆண்டுகளில் தொலேதோவின் பேராயராகவும் உயர்ந்தார். 1085இல் ஊருக்குச் சாசனம் கொடுத்தான் அரசன். காஸ்கோனியர், பிரெத்தானியர், ஜெர்மானியர், ஆங்கிலேயர், பர்கண்டியர், லொம்பார்தியர் என்று பல தேசத்து வணிகர்கள் வந்து குடியேறியதாக மடத்துச் சரித்திரம் பட்டியல் போடுகிறது. எஸ்தெல்யாவில் பிராங்குகளுக்குக் கிடைத்த தாராளம் மட்டும் இங்கே இல்லை. ரொட்டி சுட வேண்டுமா, மடத்து அடுப்புக்கு வந்து கூலி கொடுத்துச் சுட வேண்டும். மடத்து ஒயின் விற்றுத் தீரும்வரை மற்றவர் விற்கக் கூடாது. மீனோ துணியோ விறகோ சந்தைக்கு வந்தால் மடத்துக்காரர் வாங்கியபிறகே மற்றவருக்கு. அரசன் இருக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள்.

மடம் கோலோச்சிய ஊரில் இன்று கண்ணில் படுவன செங்கல் கோயில்கள். பக்கத்தில் கல் கிடையாது, களிமண் உண்டு, முஸ்லிம் மரபில் செங்கல் வேலை தெரிந்த கொத்தர்களும் இருந்தார்கள். சான் தீர்சோ கோயிலின் பின்புறம் போய்ப் பாருங்கள். அரைவட்டச் சுவர் கல்லில் தொடங்குகிறது. ஓர் உயரம் வந்ததும் கல் நின்றுவிடுகிறது, அதற்குமேல் எல்லாம் செங்கல். கையிலிருந்த காசோ கல்லோ தீர்ந்துபோன வரிசை எது என்று விரல் வைத்துக் காட்டலாம்.

1109 ஜூலை முதல் நாள், தொமிங்கோ கண்மூடி இரண்டு மாதம் முடிவதற்குள், அல்ஃபோன்சோவும் தொலேதோவில் இறந்தான். உடலைச் சஹாகூனுக்குக் கொண்டுவந்து மனைவியர் சிலரின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். ஆட்சி மகள் உர்ராக்காவுக்கு வந்தது. அவளுக்கும் அவள் இரண்டாம் கணவன், அரகோன் அரசன் அல்ஃபோன்சோவுக்கும் ஒத்துப்போகவில்லை. புருஷன் பெண்சாதிச் சண்டை நாட்டுப் போராயிற்று. சஹாகூன் வணிகர்கள் இதுதான் சமயம் என்று மடத்துக்கு எதிராகக் கிளம்பினார்கள். சில ஆண்டுகள் மடாதிபதிக்கு ஊரில் தலைகாட்ட முடியவில்லை. போர் மேற்கே கலீசியாவரை பரவியது. போர்த்தோமரீனில் மீஞ்ஞோ ஆற்றின் பாலத்தை உர்ராக்காவே இடிக்கச் சொன்னாள். தகப்பன் கட்டிய பாதையின் நடுவே மகள் வைத்த பள்ளம் அது. 1120 வாக்கில் பெத்ரோ என்ற ஒரு யாத்திரிகர் அதைத் திரும்பக் கட்டினார். அவர் பெயரை பிக்கோ தன் கையேட்டில் நன்றியோடு குறித்துவைத்திருக்கிறார். அந்தப் பாலத்தையும், 1960களில் அணைக்கட்டுக்காகக் கல் கல்லாக எண் போட்டுப் பிரித்து மேட்டில் மறுபடி அடுக்கிய போர்த்தோமரீன் கோயிலையும் அடுத்த இதழில் பார்க்கலாம்.

(தொடரும்)